விடை தெரியாத ஒரு பாட்டில் தண்ணீர்: வேதியியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கலை அறிவியல் கல்லூரிகளில் வேதியியல் நடத்தும் ஆசிரியர்களுக்கும், பாடத்திட்டக் குழுவில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

உங்களில் சிலரிடம் படித்தவள் நான். எந்தக் கல்லூரி, எந்த வருடம் என்று எழுதப்போவதில்லை. எழுதினால் படிப்பவர்கள் அந்தக் கல்லூரியைப் பற்றித்தான் பேசுவார்கள். ஊர், பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். இப்போது ஓசூர் சிப்காட்டில், இரும்புச் சாமான்களுக்குத் துத்தநாக முலாம் பூசும் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். தினமும் ராயக்கோட்டை வழியாக பஸ்ஸில் போய்வருகிற நேரத்தில் யோசித்தவைதான் இவை.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பி.எஸ்சி. செய்முறைத் தேர்வில் ஒரு சோதனையாவது, அதன் விடை தேர்வாளருக்கும் முன்கூட்டியே தெரியாததாக இருக்கட்டும். அதற்கு மாணவர்கள் தங்கள் வீட்டுக் கிணற்றிலிருந்தோ போர்வெல்லிலிருந்தோ ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்தால் போதும்.

ஏன் கேட்கிறேன் என்பதற்கு என் சொந்தக் கதையைச் சொல்ல வேண்டும். கொஞ்சம் வெட்கமான கதை.

எங்கள் காலத்தில் தரம்பார்த்தல் (டைட்ரேஷன்: நிறம் மாறும்வரை ஒரு கரைசலை விட்டு, இன்னொன்றில் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது) தேர்வு எப்படி நடந்தது என்று உங்களுக்கே தெரியும். ஃபெரஸ் (இரும்பு உப்பு) கரைசலைப் பியூரெட்டிலிருந்து (அடியில் திருகு வைத்த, அளவு குறித்த நீளக் கண்ணாடிக் குழாய்) அளந்து, ஆளுக்கொரு குடுவையில் ஊற்றி வைப்பது ஆய்வக உதவியாளர் அண்ணன்தான். யாருக்கு எத்தனை மி.லி. என்பது அவருடைய சட்டைப் பையிலுள்ள சீட்டில் இருக்கும். நாங்கள் அதை 100 மி.லி.க்கு நிரப்பிக் குலுக்கி, 20 மி.லி. பிப்பெட்டில் எடுத்து, பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பிழை இரண்டு விழுக்காட்டுக்குள் இருந்தால் முழு மதிப்பெண். அண்ணன் நல்ல மனிதர். கண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கும் பிள்ளையைக் கண்டால் அவருக்குத் தாங்காது. "பாப்பா, உனக்குப் பதினெட்டுக்குப் பக்கத்துல வரணும்" என்று மேசையைத் துடைத்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போவார். அவ்வளவுதான். அதற்கப்புறம் நாங்கள் பார்ப்பது குடுவையை அல்ல, பதினெட்டை.

வருடம் முழுவதும் நடந்தது அதைவிடச் சுலபம். செய்முறை வகுப்பு மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை. எங்கள் ஊர்ப் பக்கம் போகும் பஸ் நான்கு மணிக்கு. அதை விட்டால் ஏழரை. மூன்று முறை தரம்பார்த்து, ஒத்த அளவு வந்தபின் எழுது என்பீர்கள். நான் ஒரு முறை செய்வேன், மூன்று முறை எழுதுவேன். தொடக்கம் 0, முடிவு 18.2, தொடக்கம் 0, முடிவு 18.2, தொடக்கம் 0, முடிவு 18.2. பென்சிலால் கோடு போட்ட கட்டத்துக்குள் அழகாக இருக்கும். நீங்கள் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீர்கள். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நாற்பது ரெக்கார்டு நோட்டை ஒரே மாலையில் திருத்துகிறவரின் கஷ்டம் எனக்குத் தெரியும்.

உப்புப் பகுப்பாய்வு இன்னொரு வேடிக்கை. ஒருமுறை காய்ச்சி வடிக்கும் கருவி பழுதாகி, கேனில் குழாய்த் தண்ணீர்தான் இருந்தது என்பது யாருக்கும் தெரியாது. சில்வர் நைட்ரேட்டை விட்டதும் அன்று வகுப்பு முழுவதற்கும் வெள்ளை வீழ்படிவு. கார்பனேட் வந்தவளுக்கும் குளோரைடு, நைட்ரேட் வந்தவளுக்கும் குளோரைடு. ஆளாளுக்குச் "சரி, குளோரைடு உறுதி" என்று எழுதினோம். வெறும் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்போமே என்று முப்பது பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தண்ணீரைச் சந்தேகிக்கலாம் என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.

ஓசூரில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம். முலாம் தொட்டியில் துத்தநாகம் எவ்வளவு இருக்கிறது என்று ஈடிடிஏ (உலோக அயனிகளைக் கவ்விப் பிடிக்கும் ஒரு ரசாயனம்) வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். செய்தேன். 12.10 வந்தது. கல்லூரிப் பழக்கம், கை தானாக எழுதியது: 12.10, 12.10, 12.10. எங்கள் சீனியர் நோட்டைப் பார்த்துவிட்டு, "மூணும் எப்படிம்மா புள்ளி மாறாம வந்துச்சு?" என்று கேட்டார். பதில் சொல்லவில்லை. பக்கத்தில் நின்றுகொண்டு மறுபடி செய்யச் சொன்னார். 11.70. அடுத்து 11.65. அதற்கடுத்து 11.70.

முதல் அளவில் எப்படி 0.4 கூடியது? பியூரெட்டின் திருகுக்குக் கீழே, நுனிக் குழாயில், ஒரு காற்றுக்குமிழி இருந்திருக்கிறது. தரம்பார்க்கும்போது அது வெளியேற, அந்த இடத்தைக் கரைசல் நிரப்பியது. பியூரெட்டில் இறங்கியது, ஆனால் குடுவைக்குள் விழவில்லை. இரண்டாவது முறை நான் உண்மையில் செய்திருந்தால் குமிழி அங்கேயே தன்னைக் காட்டிக்கொடுத்திருக்கும். அவர் திட்டவில்லை. "மூணு தடவை பண்ணச் சொல்றது மூணு தடவை எழுதறதுக்கு இல்லைம்மா" என்று மட்டும் சொன்னார். தொட்டி அந்த வித்தியாசத்தைத் தாங்கியிருக்கும், பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. எனக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை. மூன்று வருடம் படித்து முதல் வகுப்பில் தேறியவளுக்குப் பியூரெட்டின் நுனியைப் பார்க்க வேண்டும் என்பது தெரியாது. தெரியாது என்றுகூடச் சொல்ல முடியாது. ரெக்கார்டு நோட்டின் 'முன்னெச்சரிக்கை' பகுதியில் அதை என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

வகுப்பறைப் பாடத்திலும் இதே நோய் உண்டு. 1987இல் அமெரிக்காவில் நூரென்பெர்ன், பிக்கரிங் என்ற இருவர் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு வகைக் கேள்விகள் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்று, வாயு விதியில் எண்ணைப் போட்டு விடை காணும் வழக்கமான கணக்கு. மற்றது ஒரு படம்: எஃகுத் தொட்டியில் ஹைட்ரஜன், மூலக்கூறுகள் புள்ளிகளாகத் தொட்டி முழுக்கப் பரவியிருக்கின்றன. வெப்பநிலையைப் பூஜ்ஜியத்துக்குக் கீழே கொஞ்சம் இறக்கினால் படம் எப்படி மாறும்? கணக்கைப் போட்டவர்களில் பலர் படத்தில் சறுக்கினார்கள். ஹைட்ரஜன் மைனஸ் 253 பாகைக்குப் பக்கத்தில்தான் திரவமாகும், ஆகவே புள்ளிகள் அப்படியே பரவித்தான் இருக்கும். இந்தப் படத்தை ஒரு தோழி எனக்குப் போனில் காட்டியபோது, புள்ளிகள் எல்லாம் அடியில் படிந்திருக்கும் படத்தைத்தான் நான் தேர்ந்தெடுத்தேன். குளிர்ந்தால் கீழே இறங்கும் என்று எங்கோ மனதில் பதிந்திருக்கிறது. வாயு விதி பிவி = என்ஆர்டி என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

சரி, தண்ணீருக்கு வருகிறேன்.

எங்கள் ஊரில் தண்ணீருக்கு இரண்டு ஜாதிதான். பருப்பு வேகும் தண்ணீர், வேகாத தண்ணீர். சோப்பு நுரைக்காமல், பாத்திரத்தில் வெள்ளையாக ஏடு படிந்து, குடித்தால் நாக்கில் ஒட்டினால் அது உப்புத் தண்ணீர். பருப்பு வெந்து, வாய்க்கு இதமாக இருந்தால் நல்ல தண்ணீர். ஃபுளூரைடை எந்த நாக்கும் கண்டுபிடிக்காது. அது பிள்ளைகளின் பல்லில் மஞ்சளும் பழுப்புமாகத் தெரிந்தபிறகுதான் பேச்சு வரும். பெண் பார்க்க வருகிறவர்கள் சிரிக்கச் சொல்லிப் பார்த்த கதையெல்லாம் எங்கள் பக்கம் உண்டு. இரண்டு மாவட்டங்களுக்கும் சேர்த்து, ஜப்பான் கடனுதவியுடன், ஏறத்தாழ 1,900 கோடி ரூபாய்க்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதனால்தான். திட்டத்தின் பெயரிலேயே ஃபுளூரோசிஸ் (ஃபுளூரைடு கூடிப்போனால் வரும் நோய்) தணிப்பு என்று இருக்கிறது. 2013இல் தொடங்கிவைத்தார்கள். ஆனாலும் குழாயில் தண்ணீர் வராத நாளில் கை போர்வெல் சுவிட்சுக்குத்தான் போகிறது.

கரைதிறன் பெருக்கம், அதாவது ஒரு உப்பின் அயனிகள் தண்ணீரில் எவ்வளவு வரை கரைந்து நிற்கலாம் என்று சொல்லும் எண், நீங்கள் நடத்துகிற பாடம். (பிளஸ் டூ வரை தமிழில் படித்தவள் நான். கல்லூரிக்கு வந்து 'சாலுபிலிட்டி ப்ராடக்ட்' என்று கேட்டு, அது ஏதோ புதுச் சரக்கு என்று ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பெயரையும் ஒரு தடவை சேர்த்துச் சொல்லியிருந்தால் அந்த ஒரு வாரம் மிச்சம்.) அந்தப் பாடத்தில் எப்போதும் சில்வர் குளோரைடுதான். அதன் இடத்தில் கால்சியம் ஃபுளூரைடை வைத்துப் பாருங்கள். அதன் கரைதிறன் பெருக்கம் சுமார் 4×10⁻¹¹. தண்ணீரில் கால்சியம் லிட்டருக்கு 100 மி.கி. இருந்தால், அது 2.5×10⁻³ மோல். பெருக்கத்தை அதனால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால், கரைந்து நிற்கக்கூடிய ஃபுளூரைடு அதிகபட்சம் லிட்டருக்குச் சுமார் 2.4 மி.கி. அதே தண்ணீரில் கால்சியம் 20 மி.கி. மட்டும் இருந்தால்? சுமார் 5.4 மி.கி. வரை நிற்கலாம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் சொல்வது 1 மி.கி., வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை.

பாருங்கள், கால்சியம் குறையக் குறைய ஃபுளூரைடுக்கு இடம் கூடுகிறது. அதாவது கால்சியம் குறைவாக இருப்பதால் பருப்பு நன்றாக வேகும் தண்ணீரில்தான் ஃபுளூரைடு அதிகமாகத் தங்க வாய்ப்பு. எங்கள் பாட்டிமார் 'நல்ல தண்ணீர்' என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு தேடிப்போன கிணறு நல்ல கிணறாக இல்லாமலும் இருந்திருக்கலாம். எல்லாக் கிணற்றுக்கும் பொருந்தும் விதி இது இல்லை. பாறையில் ஃபுளூரைடு இருக்க வேண்டும், தண்ணீர் அதோடு நெடுநாள் கிடக்க வேண்டும். ஆனால் நம் ஊர்ப் பாறை கருங்கல்லும் நைஸும் (வரிவரியாக இருக்கும் பாறை). ஃபுளூரைட், அபடைட், பயோடைட் என்று ஃபுளூரைடு ஒளிந்திருக்கும் தாதுக்கள் அதில் உண்டு. பைகார்பனேட் கூடிய தண்ணீரில் கால்சியம் கார்பனேட்டாக இறங்கிவிடும். வயலைக் கிளறினால் வெள்ளை வெள்ளையாக வரும் சுக்காங்கல் அப்படி இறங்கிய கால்சியம்தான். கால்சியம் இறங்கினால் ஃபுளூரைடைப் பிடித்து வைக்க ஆள் இல்லை. மூன்று பருவத்துப் பாடம் ஒரே கிணற்றுக்குள் கிடக்கிறது. எனக்கு இது தெரிந்தது வேலைக்குப் போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தபோது.

மாமா வீட்டு போர்வெல் தண்ணீரை ஒருமுறை எங்கள் ஆய்வகத்தில் அனுமதி கேட்டுச் சோதித்தேன். 20 மி.லி. தண்ணீர், அம்மோனியா தாங்கல் கரைசல், எரியோகுரோம் பிளாக் டி என்ற நிறங்காட்டி ஒரு சிட்டிகை. திராட்சை ரசச் சிவப்பு. 0.01 மோலார் ஈடிடிஏ ஒரு மி.லி., ஒரு மி.கி. கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம், ஆகவே மனக்கணக்கே போதும். 12 மி.லி.யில் நிறம் மாறினால் லிட்டருக்கு 600, குடிநீரில் கடினத்தன்மைக்கு (கால்சியம், மக்னீசியம் உப்புக்கு) அதுதான் கடைசி எல்லை. நான் 12ஐத் தாண்டினேன். 13, 14. சிவப்பு ஊதாவாகி, ஊதா தயங்கித் தயங்கி, 15.4இல் ஒரு சொட்டில் சுத்த நீலம். லிட்டருக்கு 770. கல்லூரியில் எத்தனையோ நீலம் பார்த்திருக்கிறேன். அத்தையின் சோற்றுப் பானையில் இருக்கும் வெள்ளை ஏட்டை நினைத்துக்கொண்டு பார்த்த நீலம் அது ஒன்றுதான். அடுத்த இரண்டு முறையும் செய்தேன், 15.3, 15.4. யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. எனக்கே விடை தெரிய வேண்டியிருந்தது.

இப்போது நீங்கள் கேட்பீர்கள்: விடை தெரியாத சோதனைக்கு எப்படியம்மா மதிப்பெண் போடுவது? நியாயமான கேள்வி. வழியும் உண்டு, தொழிற்சாலை ஆய்வகங்களில் தினமும் செய்வதுதான். மாணவி தன் தண்ணீரில் 20 மி.லி. எடுத்து முதலில் தரம்பார்க்கட்டும். அப்புறம் அதே தண்ணீர் இன்னொரு 20 மி.லி.யில், தேர்வாளர் அளவு தெரிந்த கால்சியம் கரைசலைக் கொஞ்சம் சேர்த்துக் கொடுக்கட்டும். 0.01 மோலார் கரைசல் 5 மி.லி. சேர்த்தால் ஈடிடிஏ சரியாக 5 மி.லி. கூடச் செலவாக வேண்டும். எவ்வளவு சேர்த்தது என்பது தேர்வாளருக்குத் தெரியும், மாணவிக்குத் தெரியாது. அந்த வித்தியாசத்துக்குப் பழையபடி இரண்டு விழுக்காட்டுக் கணக்கிலேயே மதிப்பெண் போடலாம். கூடவே ஒரே பாட்டிலை இரண்டு பேர் தனித்தனியாகச் சோதிக்கட்டும். ஒத்துப்போகவில்லை என்றால் ஏன் என்று இரண்டு வரி எழுதட்டும். அந்த இரண்டு வரிக்கு மதிப்பெண் தாராளமாகக் கொடுங்கள். ஆய்வக அண்ணன் சேர்த்த அளவைச் சொல்லிக்கொடுத்துவிடுவாரே என்றால், சொல்லட்டும். கிணற்றில் எவ்வளவு என்பது அவருக்கும் தெரியாது.

செலவு பெரிதாக இல்லை. ஈடிடிஏ, தாங்கல் கரைசல், நிறங்காட்டி எல்லாம் இப்போதே உங்கள் அலமாரியில் இருப்பவை. காரத்தன்மைக்கு நீர்த்த அமிலமும் மீதைல் ஆரஞ்சும் போதும். ஃபுளூரைடுதான் சிரமம், அதற்கான மின்முனை விலை அதிகம். ஆனால் ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, தண்ணீர் பரிசோதனைப் பெட்டி கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்த மாதிரிப் பெட்டி ஒன்றை வாங்கி மேசையில் வையுங்கள். ஜிர்கோனியம் ஒரு சாயத்தோடு சேர்ந்து நிறம் காட்டிக்கொண்டிருக்கும், ஃபுளூரைடு வந்து ஜிர்கோனியத்தை இழுத்துக்கொள்ள நிறம் வெளுக்கும். அணைவுச் சேர்மங்கள் பாடத்தை அந்தச் சின்னக் குப்பியை வைத்தே ஒரு மணி நேரம் நடத்தலாம். எங்கள் ஊரில் பத்தாவது படித்த அக்கா அதைச் செய்கிறார். பி.எஸ்சி. வேதியியல் முடித்த பக்கத்து வீட்டுப் பெண் அது என்ன சாயம் என்று கேட்டதே இல்லை.

ஒரு எச்சரிக்கை. மாணவர் கண்ட அளவை அப்படியே ஊரில் போய்ச் சொல்லிக் கலவரம் உண்டாக்கக் கூடாது. எல்லை தாண்டிய மாதிரிகளைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக்கூடத்தில் கொடுத்துச் சரிபார்த்துவிட்டுச் சொல்லலாம். தங்கள் அளவுக்கும் வாரியத்தின் அளவுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்ப்பதே அந்தப் பிள்ளைகளுக்கு நல்ல பாடம்.

தண்ணீரோடு நிற்க வேண்டும் என்றும் இல்லை. கிருஷ்ணகிரிப் பக்கக் கல்லூரிகளுக்கு மாம்பழம் இருக்கிறது. கார்பைடு கல்லில் ஈரம் பட்டால் அசிட்டிலீன் என்று சமன்பாடு எழுதத் தெரிந்த பிள்ளைகளிடம், மாங்கூழ் ஆலைக்குப் போகும் பெங்களூரா மாம்பழத்தின் புளிப்பைச் சோடியம் ஹைட்ராக்சைடு வைத்து அளக்கச் சொல்லலாம். ஓசூர்ப் பிள்ளைகளுக்குக் கெலவரப்பள்ளி அணையில் மழைக்காலத்தில் பொங்கும் நுரை இருக்கிறது. எந்தப் பொருள் எந்தத் தாதிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கும் என்று காட்டும் எல்லிங்ஹாம் வரைபடம் நடத்தும்போது, கிருஷ்ணகிரி மாவட்டத்து அகழாய்வு இடமான மயிலாடும்பாறையைச் சொல்லலாம். அங்கே கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவித்தார்கள். இப்போது தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை அதையும் முந்திவிட்டது, அது வேறு விஷயம். கரி இரும்புத் தாதிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கும் என்பதை அந்த வரைபடம் இல்லாமலேயே அந்தக் காலத்திலேயே ஒருவர் உலையில் செய்து பார்த்திருக்கிறார் என்றால் கடைசி பெஞ்சும் நிமிரும். ஆனால் இவற்றை நான் வற்புறுத்தவில்லை. தண்ணீர் ஒன்றை மட்டும் கேட்கிறேன். அது எல்லார் வீட்டிலும் இருக்கிறது, பாட்டிலில் வரும், காசு கேட்காது.

பாடத்திட்டம் மாற வருடங்கள் ஆகும் என்று தெரியும். கூட்டம் போட வேண்டும், தீர்மானம் போட வேண்டும். அதுவரை ஒரே ஒரு வகுப்பில், மதிப்பெண் இல்லாமல், சும்மா செய்து பாருங்கள். பாட்டிலை அந்தத் தண்ணீராலேயே மூன்று முறை அலசச் சொல்லுங்கள், மேலே ஊர்ப் பெயரும் தேதியும் ஒட்டச் சொல்லுங்கள். மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை எனக்கு விடுமுறை. ஆள் வேண்டும் என்றால் வருகிறேன், பியூரெட் நுனியில் குமிழி எப்படி ஒளிந்திருக்கும் என்று காட்டுகிறேன்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். செய்முறை வகுப்பைக் காலையில் வையுங்கள். நான்கு மணி பஸ் இன்னும் நான்கு மணிக்குத்தான் கிளம்புகிறது. போன வாரம்கூட அதில் வெள்ளைக் கோட்டு மடித்து வைத்த பையோடு இரண்டு பெண்களைப் பார்த்தேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவி